உப்பில்லாத கூழ் வத்தல்

ஐப்பசி மாதத்தில் யாராவது வத்தல் போடுவார்களா? நான் போட்டேன். காரணம் என் மகள். ஏழாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி, தலைப்பு ‘நெகிழிக்கு மாற்று’. வகுப்பில் பாதிப் பேர் மஞ்சப்பையையும் பாக்குமட்டைத் தட்டையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்களாம். இவள் வந்து, “அம்மா, குச்சிக்கிழங்கு மாவுல பிளாஸ்டிக் பண்ணலாமாம். மாமா மில்லுல மாவு இருக்குமில்ல?” என்றாள்.

மாமா என்றால் என் அண்ணன். ஆத்தூர்ப் பக்கம் சேகோ மில் வைத்திருக்கிறார். ஊரில் எங்களுக்கு மரவள்ளி என்பது புத்தகப் பெயர். குச்சிக்கிழங்கு என்றால்தான் நாக்கில் வரும். போன் போட்டேன். “மாவுதானே, ஒரு மூட்டை அனுப்பட்டா?” என்றார். ரெண்டு கிலோ போதும் என்று கெஞ்சி வாங்கினேன்.

செய்முறை ரொம்பச் சின்னது. ஒரு மேசைக்கரண்டி மாவு, நாலு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி கிளிசரின். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பால் போல வெள்ளையாக இருந்தது திடீரென்று ஒரு நொடியில் இறுகும், கண்ணாடி போலத் தெளியும். அப்போது இறக்கி, தட்டில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தால் இரண்டு மூன்று நாளில் உரித்தெடுக்கக்கூடிய ஒரு தாள் கிடைக்கும்.

என் மாமியார் அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன கண்ணு, கூழ் வத்தலா? உப்பு போட்டியா? சீரகம்?” என்று கேட்டார். “இல்லீங்க அத்தை, இது பிளாஸ்டிக்” என்றேன். கரண்டியில் இருந்ததை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, “உப்பில்லாத வத்தல்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் படித்த எதுவும் இந்தத் தீர்ப்பை மாற்றவில்லை.

முதல் தடவை கிளிசரின் இல்லாமல் செய்தோம். வீட்டில் இல்லை, மழையில் மருந்துக்கடைக்குப் போகச் சோம்பல். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் தட்டில் வறண்ட ஏரியின் அடிவயிறு கிடந்தது. பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் சுருண்டு, தொட்டால் நொறுங்கியது. இரண்டாம் தடவை, போன தடவை விட்டதையும் சேர்த்து ஈடுகட்டுவது போல மூன்று தேக்கரண்டி கிளிசரின் விட்டேன். அது காயவே இல்லை. நாலாம் நாளும் கையில் ஒட்டியது. கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சரக்கு. பனிக்காலத்தில் உதட்டில் தடவுவதே அதற்காகத்தான். வெளியே அடைமழை. “ஐப்பசியில வத்தல் போட்டா அப்படித்தான்” என்றார் அத்தை.

இந்தக் கிளிசரின் விஷயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. அதில் இரண்டு வகை. நேராக ஓடுவது அமைலோஸ், மரம்போலக் கிளை பிரிவது அமைலோபெக்டின். சோறு உதிரியாக வருவதும் குழைந்து ஒட்டுவதும் பெருமளவு இந்த இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மரவள்ளி மாவில் அமைலோஸ் ஏறத்தாழ 17 சதவீதம்; மக்காச்சோள மாவில் 25 சதவீதத்துக்கு மேல். நல்ல தாள் வருவதற்கு நேர்ச்சங்கிலிதான் தோது. பின்னிக்கொள்ளவும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவும் அதால்தான் முடியும்.

பச்சை மாவில் இந்தச் சங்கிலிகள் சின்னச் சின்னத் துகள்களுக்குள் இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் குளிர்ந்த தண்ணீரில் மாவு கரையாமல் அடியில் தங்குகிறது. தண்ணீரோடு சூடேற்றினால், மரவள்ளி மாவுக்கு 60, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் துகள்கள் ஊதி வெடித்து சங்கிலிகள் வெளியே வந்துவிடும். நான் பார்த்த அந்த ‘ஒரு நொடி’ இதுதான். பிறகு தண்ணீர் காய்ந்து போகும்போது சங்கிலிகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன. நடுவில் யாருமில்லாவிட்டால் ரொம்ப நெருக்கமாகக் கட்டிக்கொண்டு விறைத்து, வெடித்துவிடும். கிளிசரின் அவற்றுக்கிடையே புகுந்து, கொஞ்சம் நகர இடம் வைக்கிறது. இடம் இருந்தால்தான் வளையும். அதிகம் இடம் கொடுத்தால் என் இரண்டாவது தட்டு.

வினிகரின் வேலை கிளைகளை ஆங்காங்கே வெட்டி நேர்ச்சங்கிலிகளைக் கூட்டுவது என்று எழுதுகிறார்கள். சமையலறை வினிகருக்கு அவ்வளவு கூர்மை இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆய்வகத்தில் இதே பரிசோதனைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுப்பார்கள். கடைசியில் காரம் சேர்த்துச் சமன் செய்துவிடுவார்கள். நாங்கள் வினிகரோடு நிறுத்திக்கொண்டோம். வீடு முழுக்க ஒரு வாரம் ஊறுகாய் வாசனை.

மூன்றாம் தடவை சரியாக வந்தது. மின்விசிறிக்குக் கீழே நாலு நாள். எண்ணெய்த்தாள் போல அரைத் தெளிவு, மடக்கினால் மடங்கியது, இழுத்தால் கொஞ்சம் நீண்டது. மகள் அதில் ஒரு சின்னப் பை செய்தாள். ஓரங்களை ஒட்டுவதற்கும் அதே கூழ்தான். ஒரு ரூபாய்க் காசுகள் முப்பது போட்டுத் தூக்கிக் காட்டினாள். எனக்கே பெருமையாக இருந்தது.

கண்காட்சியில் பார்க்க வந்த ஓர் ஆசிரியை ஒரே கேள்விதான் கேட்டாராம். “இதுல சாம்பார் ஊத்தலாமா?”

மகள் பொய் சொல்லவில்லை. “ஊத்தினா பையும் சாம்பாராயிடும் மிஸ்” என்றிருக்கிறாள். பரிசு பாக்குமட்டைக்குப் போனது. எனக்கு அதில் வருத்தமில்லை. சுடச்சுட சாம்பாரை ஏந்தியபடி பாக்குமட்டை நிற்கும்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாவுப் பிளாஸ்டிக்கின் மொத்தக் கதையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மாவுச்சங்கிலிக்குத் தண்ணீரைப் பிடிக்கும், நுண்ணுயிர்களுக்கு மாவைப் பிடிக்கும். இட்லியை வாயில் வைத்து மெதுவாக மென்றால் இனிக்கத் தொடங்குகிறதே, நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் அந்தச் சங்கிலியை உடைத்துச் சர்க்கரையாக்குவதால்தான். மண்ணில் இருக்கும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதே கத்தரிக்கோல் இருக்கிறது. எது இதை எளிதில் மக்கவைக்கிறதோ அதுவேதான் இதைச் சாம்பாருக்கு ஆகாததாக்குகிறது. தண்ணீர் உள்ளே போகாமல் தடுத்தால் மக்குவது தள்ளிப்போகும். உள்ளே விட்டால் பை நிற்காது.

தொழிற்சாலைக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அங்கே தட்டில் ஊற்றிக் காயவைப்பதில்லை. மாவையும் கிளிசரினையும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் போடுகிறார்கள். முறுக்கு அச்சைச் சூடேற்றி, உள்ளே இரண்டு திருகுகளைச் சுழலவிட்டால் எப்படியோ அப்படி. சூடும் அழுத்தமும் பிசைதலும் சேர்ந்து மாவை உருக்கிக் குழம்பாக்கிவிடும். இதற்குத் தெர்மோபிளாஸ்டிக் ஸ்டார்ச் என்று பெயர். அதுவும் தண்ணீருக்குத் தாங்காது. தனியாக விட்டால் மாதக்கணக்கில் விறைத்துக்கொண்டே போகும். (நாங்கள் கண்காட்சிக்குப் பிறகு அலமாரியில் வைத்த பை தை மாதத்தில் எடுத்தபோது அப்பளம் மாதிரி முறிந்தது. ஆறிய சோறு விறைப்பதும் இதுவும் ஒரே சங்கதி.) ஆகவே வேறொன்றைக் கலக்கிறார்கள். எதைக் கலக்கிறார்கள் என்பதில்தான் யோக்கியமும் பித்தலாட்டமும் பிரிகின்றன.

ஆரம்பத்தில் பாலித்தீனைக் கலந்தார்கள். 1970-களில் பிரிட்டனின் புரூனெல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் கிரிஃபின் பாலித்தீனுக்குள் மாவைச் சேர்க்கும் வேலையைச் செய்தார். அந்த வழியில் பிறகு பைகள் சந்தைக்கும் வந்தன. மண்ணில் போட்டால் நுண்ணுயிர்கள் மாவைத் தின்றுவிட்டுப் பாலித்தீனை ஓட்டை ஓட்டையாக விட்டுவிட்டுப் போகும். பை காணாமல் போனதாகத் தெரியும். உண்மையில் பொடியாகிக் கிடக்கும். குப்பை கண்ணுக்குத் தெரிவதைவிட இது மோசம் என்பேன்.

அடுத்த தலைமுறை கலந்தது பி.பி.ஏ.டி. போன்ற பாலியெஸ்டர்கள். இத்தாலியின் நோவாமோன்ட் நிறுவனம் ‘மேட்டர்-பி’ என்ற பெயரில் விற்பதெல்லாம் மாவும் இந்த மாதிரி மக்கும் பாலியெஸ்டரும் சேர்ந்த கலவை வகைகள்தான். பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் நுண்ணுயிர்களால் உடைக்க முடியும். நான் முதலில் படித்தபோது இங்கே தடுக்கி விழுந்தேன். பெட்ரோலியத்தில் பிறந்தது மக்குமா? மக்கும். செடியில் பிறந்தது மக்காமல் இருக்குமா? இருக்கும். பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் கரும்பு எத்தனாலிலிருந்து பாலித்தீன் செய்கிறது. கரும்பில் பிறந்தாலும் அது சாட்சாத் பாலித்தீன்தான்; நம் வீட்டுப் பால் பாக்கெட் எவ்வளவு மக்குமோ அவ்வளவுதான் மக்கும். எதிலிருந்து வந்தது என்பது வேறு, எங்கே போய்ச் சேரும் என்பது வேறு. பையின் மேல் பச்சை இலைப் படம் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

மக்காச்சோளத்தையும் மரவள்ளியையும் இன்னொரு வழியிலும் பிளாஸ்டிக் ஆக்கலாம். மாவைச் சர்க்கரையாக்கி, பாக்டீரியாவிடம் கொடுத்துப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம். ஐஸ் காபிக் கடைகளில் தெளிவான டம்ளராகக் கையில் வருவது பல சமயம் இதுதான். இங்கே மாவு மூலப்பொருள் மட்டுமே, முடிவில் மாவே இருக்காது. அதனால் தண்ணீருக்கும் அஞ்சாது. சூடான காபி ஊற்றினால் மட்டும் துவண்டுவிடும்.

கண்காட்சி முடிந்த கையோடு எனக்குள் ஒரு பைத்தியம் பிடித்தது. மொட்டை மாடியில் மூன்று தொட்டிகளில் மண் போட்டு, ஒன்றில் எங்கள் மாவுத்தாள், இன்னொன்றில் காய்கறிக் கடையில் கொடுத்த ‘நான் பிளாஸ்டிக் அல்ல’ பை, மூன்றாவதில் பழைய பாலித்தீன் உறை என்று புதைத்து வைத்தேன். தினமும் தண்ணீர். மாவுத்தாளை மூன்றாவது வாரம் தேடினேன். இல்லை, ஒரு துணுக்குகூட இல்லை. பாலித்தீன் புதைத்தபடியே இருந்தது, அதை நான் எதிர்பார்த்தேன். கடைப் பை நாலு மாதம் கழித்தும் பையாகவே இருந்தது. கொஞ்சம் நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஏமாற்றுப் பை என்று முடிவு கட்டிச் சுற்றிலும் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விதியைத் தேடிப் படித்தேன். ‘கம்போஸ்டபிள்’ என்று சான்று வாங்க இந்தியாவில் பார்க்கும் தரம் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. சோதனை நடப்பது சுமார் 58 டிகிரி சூட்டில் இருக்கும் எருவில். அந்தச் சூட்டில் ஆறு மாதத்துக்குள் அதிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்காத அளவுக்குச் சிதைய வேண்டும். 58 டிகிரி! என் மாடித்தொட்டி சித்திரை வெயிலிலும் அவ்வளவு கொதிக்காது. கொதித்தால் துளசியும் அதோடு போகும். அந்தச் சூடு பெரிய எருக்குவியலின் நடு வயிற்றில்தான் கிடைக்கும், அதுவும் ஈரமும் காற்றும் சரியாக இருந்தால். ஆக அந்தப் பை சான்று வாங்கியதாகவே இருந்தாலும் என் தொட்டியில் மக்கியிருக்காது. திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றேன். மீதிப் பாதி அப்படியே நின்றது; ஏனென்றால், அந்தப் பையில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண்ணும் இல்லை. உண்மையான பையில் இரண்டும் அச்சிட்டிருக்க வேண்டும். இலைப் படம் சான்று ஆகாது.

இந்தச் சான்றுக்குக் கிராக்கி வந்ததற்குக் காரணம் உண்டு. 2022 டிசம்பர் 31-லிருந்து நாடு முழுக்கச் சாதாரணப் பிளாஸ்டிக் கைப்பை 120 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. சான்று பெற்ற கம்போஸ்டபிள் பைக்கு அந்தத் தடிமன் விதி கிடையாது. மெல்லிய பை வேண்டுமென்றால் ஒரே வழி இதுதான். அப்போது போலி முளைக்காமல் என்ன செய்யும்?

இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் இந்தப் புதைக்கும் சோதனையை என்னைவிட ஒழுங்காகச் செய்து 2019-ல் வெளியிட்டார்கள். பலவகைப் பைகளை மூன்று வருடம் மண்ணிலும் கடலிலும் திறந்தவெளியிலும் போட்டு வைத்தார்கள். ‘பயோடிகிரேடபிள்’ என்று எழுதியிருந்த பையில் மூன்று வருடம் மண்ணில் கிடந்த பிறகும் கடைச் சாமான் தூக்க முடிந்தது. கம்போஸ்டபிள் பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்துபோனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது, ஆனால் எடை வைத்தால் கிழிந்தது. ஒரே பைதான். இடம் மாறினால் ஆயுள் மாறுகிறது.

அப்படியானால் இந்த மக்கும் பை எதற்கு உருப்படியாகப் பயன்படும்? எனக்குப் பிடித்த உதாரணம் மிலான் நகரம். 2012 முதல் அங்கே வீடு வீடாகச் சமையலறைக் கழிவைத் தனியாக வாங்குகிறார்கள், மக்கும் பையில் கட்டி. பை கழிவோடு சேர்ந்து நேராகப் பதப்படுத்தும் ஆலைக்குப் போகிறது. மிச்சச் சோற்றையும் காய்த்தோலையும் பையைப் பிரித்துக் கொட்டவேண்டியதில்லை. பை எங்கே போய்ச் சேரும் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. நம் ஊரில் அதே பை பாலித்தீனோடு மறுசுழற்சிக்குப் போனால் அந்த லாட்டையே கெடுக்கும். குப்பை மேட்டில் காற்றில்லாத அடுக்கில் புதைந்தால் மீத்தேன் விடும். பைக்கு முன்னால் வண்டி வேண்டும், வண்டிக்கு முன்னால் எருக்கிடங்கு வேண்டும். நாம் பையிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாவுப் பிளாஸ்டிக் கதையை அண்ணனிடம் கொட்டினேன். களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. அவர் கேட்டதும் ஒரே கேள்விதான். “பாயின்ட்டுக்கு என்ன குடுப்பாங்க?”

எங்கள் பக்கம் கிழங்கை வெறும் எடைக்கு வாங்குவதில்லை, பாயின்ட்டுக்கு வாங்குவார்கள். கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தி கூடியது, நீருக்குள்ளும் கனம் காட்டும். அதிலிருந்து மாவு எத்தனை சதவீதம் என்று கணக்கு. இருபத்தெட்டு பாயின்ட் என்றால் நல்ல கிழங்கு. ஒரு பாயின்ட் குறைந்தால் ஒரு லோடுக்கு எவ்வளவு போகும் என்று விவசாயி மனக்கணக்காகச் சொல்வார். மாவிலிருந்து பிளாஸ்டிக் என்று யார் வந்தாலும் இந்தத் தராசு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். ஏற்கெனவே அங்கே ஜவ்வரிசிக்காரரும் துணிக்குக் கஞ்சி போடும் மில்காரரும் நிற்கிறார்கள்.

இந்த ஜவ்வரிசித் தொழிலே ஒரு மாற்றுப்பொருள் கதைதான். இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோக, 1943 வாக்கில் சேலம் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கில் தொழில் கற்று வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவில் செய்து பார்த்தார்கள். அசல் ஜவ்வரிசி சேகோ பனையின் தண்டுச் சோற்றில் செய்வது. பதிலி என்று வந்தது இன்று புவிசார் குறியீடு வாங்கி ‘சேலம் ஜவ்வரிசி’யாக உட்கார்ந்திருக்கிறது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். 2020-க்குப் பிறகு மாவுப்பூச்சி வந்து கிழங்குக் காட்டைச் சூறையாடியதே, அந்த இரண்டு வருடம் பிளாஸ்டிக் ஆலை இருந்திருந்தால் எதைப் போட்டு அரைத்திருக்கும்? நியாயமான கேள்வி. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைத் தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டுத்தான் அதை அடக்கத் தொடங்கினார்கள். கடுகளவுக் குளவி.

எனக்கு ஆசை மாவின் மேல் இல்லை, திப்பியின் மேல்தான். மாவுப்பால் வடித்த பிறகு சல்லடையில் நிற்கிற சக்கை. மாட்டுத்தீவனத்துக்குப் போகிறது, மழைக்காலத்தில் காயாமல் புளித்து நாற்றமெடுக்கிறது. அதில் நாரும் இருக்கிறது, சிக்காத மாவும் இருக்கிறது. நார் இருந்தால் அழுத்தித் தட்டு செய்யலாம். நான் ஒரு கிலோ கட்டிக்கொண்டு வந்தேன். தோசைக்கல்லுக்கும் அம்மிக்கல்லுக்கும் நடுவே வைத்துச் சூடேற்றிப் பார்த்தேன். தட்டு வரவில்லை, தீய்ந்த அடை வந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, கல்லை மட்டும் எடுத்துத் தேய்க்கப் போட்டுவிட்டார்.

கடைசியில் மகள்தான் மிச்ச மாவுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தாள். வெயில் நன்றாக ஏறிய மாசியில் நீளமான பட்டையாகத் தாள் ஊற்றினாள். அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே விரற்கடை இடைவெளியில் சிறுகீரை விதையை வரிசையாக ஒட்டிவைத்தாள். காய்ந்ததும் பட்டையை அப்படியே மண்ணில் படுக்கவைத்து, மேலே மண் தூவித் தண்ணீர் தெளித்தாள். பொடி விதையைக் கொத்தாகக் கொட்டிவிட்டுப் பிறகு பிடுங்கி நடும் வேலை இல்லை. தண்ணீர் பட்டதும் தாள் கரையவேண்டிய இடம் அது.

ஆறு பட்டை வைத்தாள். நாலு வரிசை நூல் பிடித்தது போல முளைத்தது. மீதி இரண்டையும், கிளிசரின் இனிப்போ மாவு வாசனையோ, எறும்பு விதையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.